குடைக்குப் போக வேண்டிய கடிதம்

பெரிய டீச்சருக்கு அந்த வாரம் முழுக்க முழங்கால் வலி. வயசைக் காரணம் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நாற்காலிதான் காரணம். அந்தப் பாலர் பள்ளியில் பெரியவர்கள் உட்காருகிற அளவில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதிலும் கோப்புகள் ஏறி உட்கார்ந்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. கட்டணம் பற்றிப் பேச வரும் பெற்றோர்கள் நாலு வயசுக் குழந்தையின் நாற்காலியில்தான் முழங்காலை மார்புக்குக் கொண்டுவந்து உட்கார வேண்டும். எதிரே அவளும் அப்படியே உட்காருவாள். பணத்தைக் கேட்கிறவர் உயரமாக உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பது அவள் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் நாலு நாளில் பதினெட்டு முறை உட்கார்ந்து எழுந்தால் எந்தக் கொள்கைக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சொல்ல வேண்டிய விஷயம் சின்னதுதான். இதுவரை காலை நேரத்துக்கும் மத்தியானத்துக்கும் அரசாங்கமே பணம் கொடுத்து வந்தது. இந்தப் பருவத்திலிருந்து காலைக்கு மட்டும்தான் கொடுக்கும். மத்தியானமும் பிள்ளை இருக்க வேண்டும் என்றால் பெற்றோர்தான் கட்ட வேண்டும். இதை ஒரே வார்த்தைகளில் சொல்லிச் சொல்லி, எட்டாவது ஆளிடம் பேசும்போது தன் குரல் தொலைபேசியில் பதிவுசெய்து வைத்த பெண்ணின் குரல்போல அவளுக்கே கேட்டது.

சொல்லாத விஷயம் ஒன்றும் இருந்தது. பட்டியலில் இருபது பிள்ளைகள் இருந்தால்தான் இரண்டாவது ஆசிரியைக்குச் சம்பளம் வரும். பத்தொன்பது ஆனால் வராது. பள்ளியில் இருந்தது சரியாக இருபது. அடுத்த செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் பட்டியல் அரசாங்க ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது ஆசிரியையான சின்ன டீச்சருக்கும் இது தெரியும். அதனால் அந்த வாரம் அவள் ஒவ்வொரு மூக்கையும் இரண்டு தடவை துடைத்துவிட்டாள்.

பெற்றோர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செல்போன் கடை வைத்திருந்த மீன் அப்பா வந்ததும் வராததுமாக, "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், கடைசி ரேட் சொல்லுங்க" என்றார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கட்டணம் போட்டால் என்ன என்று கேட்டாள். "ரெண்டும் சேர்ந்து ஒரு ஆள் சாப்பாடுகூடச் சாப்பிடறதில்ல டீச்சர்." பூசணி அம்மாவுக்கு வேறு நியாயம்.

"என் பொண்ணு மத்தியானம் முழுக்கத் தூங்கத்தானே தூங்கறா? தூங்கற நேரத்துக்கும் காசா?"

"தூங்கறவங்களையும் ஒருத்தர் முழிச்சிருந்து பாத்துக்கணுமேம்மா" என்றாள் பெரிய டீச்சர். சொல்லும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

மீன், பூசணி என்பதெல்லாம் பட்டப்பெயர் இல்லை. எழுத்துத் தெரியாத பிள்ளைகள் தங்கள் கொக்கியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதனால் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். அந்தப் படம்தான் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு அடையாளம். பையும் அங்கேதான் தொங்கும். எல்லாம் பள்ளி கொடுத்த நீலத் துணிப்பைகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. பெற்றோர்களையும் டீச்சர்கள் இருவரும் தங்களுக்குள் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பதினெட்டாவதாக வந்தவர் ரயில் அப்பா. மரச்சாமான் ஷோரூமில் மேனேஜர். சட்டையின் மடிப்பில் கை பட்டால் அறுத்துவிடும் போலிருக்கும். உட்கார்ந்ததும் நாற்காலியை ஆட்டிப் பார்த்து, "இதுக்கு ஸ்க்ரூ சரியில்ல டீச்சர்" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ஏதோ ஒரு இலவச இடம் இருக்காமே, எங்களுக்குக் கிடைக்காதா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். யோசித்துச் சிரிக்கவில்லை, களைப்பில் சிரித்தாள்.

இலவச இடம் உண்மைதான். பள்ளிக் கமிட்டி ஒரு பிள்ளைக்கு மட்டும் முழுக் கட்டண விலக்குக் கொடுக்கும். அதை அவள் குடைப் பையனுக்காக மல்லுக்கட்டி வாங்கி வைத்திருந்தாள். பேச வராத ஒரே ஆள் அவனுடைய அம்மாதான். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் லாண்டரியில் அவளுக்கு வேலை. ஏழரைக்குப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடினால் மறுபடி ஐந்து மணிக்குத்தான் தலை தெரியும். வீட்டில் அவளும் பையனும் மட்டும். காலை மட்டும் பள்ளி என்றால் அவளுக்கு அது இருந்தும் ஒன்று, இல்லாமலும் ஒன்று. பன்னிரண்டு மணிக்கு வந்து கூட்டிப்போக ஆள் இல்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. பெரிய டீச்சர்தான் ஒருநாள் வாசலில் நிறுத்தி, "கமிட்டில பேசி நான் வாங்கித் தரேன், கவலைப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தாள். "பார்க்கலாம் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். இதுபோல நிறையக் கேட்டவள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கடிதங்கள் தயாராயின. உறையிலும் பெயர் கிடையாது, உள்ளேயும் கிடையாது. 'அன்புள்ள பெற்றோருக்கு' என்றுதான் தொடங்கும். உறையின் மூலையில் பிள்ளையின் படம் மட்டும் முத்திரையாக இருக்கும். பல வருஷம் முன்னால் பெயர் போட்ட கடிதம் ஒன்று படிக்கட்டில் விழுந்து, யார் வீட்டில் கட்டணம் பாக்கி என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு அவள் செய்த ஏற்பாடு இது. இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருபது உறைகளையும் யாரிடமும் கொடுக்காமல் தானே படம் பார்த்துப் பையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை, கதவு திறந்த கையோடு ரயில் அப்பா மகளுடன் வந்து நின்றார். யாரும் சொல்லாமலே சின்ன நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க டீச்சர்?"

"என்ன சார்?"

"ஷோரூமை மூடி மூணு மாசம் ஆச்சு. வீட்டுல சொல்லல. தினம் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டுக் கிளம்பி, லைப்ரரில போய் உக்காந்துட்டு வருவேன். அன்னிக்கு உங்ககிட்டயும் விளையாட்டா கேக்கற மாதிரிதான் கேட்டேன். நீங்களும் சிரிச்சீங்க. புரிஞ்சிருக்காதுன்னு நினைச்சேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தார். மடிப்புகள் நைந்துபோகும் அளவுக்கு அது பிரிக்கப்பட்டிருந்தது. 'முழுக் கட்டண விலக்கு அளிக்கப்படுகிறது' என்ற வரியை அவள் தலைகீழாகவே படித்தாள். அவளே தட்டச்சு செய்த வரி.

"வெள்ளிக்கிழமை இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் வீட்டுல எல்லாத்தையும் சொன்னேன். இது வரலன்னா இன்னும் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு நாளா தூங்கறேன் டீச்சர். மூணு மாசத்துக்கு அப்புறம் தூங்கறேன்."

அப்போது அவர் மகள் கொக்கிகளின் பக்கத்திலிருந்து கத்தினாள். "டீச்சர், என் குடைல பையை மாட்டிட்டேன்!"

பெரிய டீச்சர் திரும்பிப் பார்த்தாள். ரயில் இருந்த இடத்தில் குடை இருந்தது. பக்கத்துக் கொக்கியில் குடை இருந்த இடத்தில் ரயில் இருந்தது. குடைக்குப் போட்ட உறை எந்தப் பைக்குள் போயிருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார்..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டு அவர் போய்விட்டார். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். கோழைத்தனம்தான், வேறென்ன.

சின்ன டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வியாழக்கிழமையே சொன்னேனேக்கா. ரயிலும் குடையும் படத்தை மாத்திக்கறோம்னு வந்து நின்னாங்க. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா பெரியவங்க குறுக்க வரக் கூடாதுன்னு நீங்கதானே சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க? நீங்க ஆபீஸ்காரங்களோட ஃபோன்ல இருந்தீங்க. சரி சரின்னு தலையாட்டினீங்க."

தலையாட்டியது அவளுக்கும் நினைவு வந்தது. யார் மேலாவது எரிந்து விழலாம் என்று பார்த்தால் அதற்கும் ஆள் கிடைக்கவில்லை. பேச்சை முடித்துக்கொண்டவர்கள் நாலு வயசுக்காரர்கள். அவர்கள் கணக்கு சுத்தமாக இருந்தது. சொன்னதைக் காதில் வாங்காமல் மண்டையை ஆட்டியது ஐம்பத்து நாலு வயசுக்காரி.

ரயில் படத்துக்குக் கீழே, இப்போது குடைப் பையனுடையதாகிவிட்ட கொக்கி காலியாகவே இருந்தது. எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கடிதத்தின் இரண்டாம் பக்கம் மட்டும் கிழித்து மடித்துப் போடப்பட்டிருந்தது. 'பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ள விரும்பினால்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு கையெழுத்து. ரயிலுக்கு எழுதிய முழுக் கட்டணக் கடிதம் குடைப் பையன் வீட்டுக்குப் போயிருக்கிறது. பையன் வேறு, நான்தான் இப்போது ரயில் என்று பெருமையாகக் காட்டியிருப்பான். யாருக்குச் சந்தேகம் வரும்?

இருபது பத்தொன்பது ஆகிவிட்டது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லாண்டரியில் வேலை நேரத்தில் ஃபோன்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

மத்தியானம் பிள்ளைகளைச் சின்ன டீச்சரிடம் விட்டுவிட்டு அவள் நடந்தாள். இரண்டு பஸ் நிறுத்தத் தூரம். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை, நடக்க முழங்கால் இல்லை. லாண்டரிக்குள் நுழைந்ததும் வெந்நீர் ஆவியும் மருந்து வாடையும் முகத்தில் அடித்தன. வெள்ளை விரிப்புகள் மலையாகக் குவிந்த தள்ளுவண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் கொடுத்தார். தலையணை உறைகள் அடுக்கிய அறையில் குடைப் பையன் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"டீச்சர்! இங்க வந்துட்டீங்களா?" என்றான் அவன். ஏதோ பள்ளியே இடம் மாறி வந்துவிட்ட மாதிரி.

அவன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நான் கேட்டேனா டீச்சர்? நீங்களா வந்து வாங்கித் தரேன்னு சொன்னீங்க. முடியலன்னா முடியலன்னு வாசல்ல நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு கவர்ல போட்டு அனுப்பிட்டீங்க. படிச்சிட்டு எனக்கு உங்க மேலகூடக் கோபம் வரல. நம்பினேன் பாருங்க, அதுக்கு என் மேலதான் வந்துது."

"தப்பு என்னோடதும்மா. உங்களுக்கு இடம் கிடைச்சிடுச்சு. கவர் மாறிப்போச்சு. படத்தைப் பசங்க மாத்திக்கிட்டாங்க, நான் கவனிக்கல."

அந்தப் பெண் மகனைப் பார்த்தாள். "நான் ரயில்" என்றான் அவன்.

"அப்ப எனக்கு வர வேண்டியது யார்கிட்ட போச்சு?"

"அதை நான் சொல்ல மாட்டேன். உங்க பேர் அதுல இல்ல. பயப்பட வேண்டாம்."

"அதுக்குக் கேக்கல." அவள் துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "படிச்சிட்டு சந்தோஷப்பட்டிருப்பாங்க, இல்ல?"

பெரிய டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவங்ககிட்ட எப்படித் திருப்பிக் கேப்பீங்க?"

"கேக்கத்தான் வேணும்."

"பாவம் டீச்சர் நீங்க" என்றாள் அந்தப் பெண். கேலி இல்லை, மனசார சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி வாங்கி நாலாகக் கிழித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாளைக்குக் கொண்டுவந்து விடறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் பெரிய டீச்சர் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். 'சார், ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது.' சின்னத் தவறாம்! 'சார், மன்னிக்கணும், அது உங்களுக்கு இல்லை.' இரண்டு நாள் தூங்கிய மனுஷனை எழுப்பி, எழுந்திரு, இது உன் படுக்கை இல்லை என்று சொல்வதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேலும், அவர் கோபத்தில் மகளை நிறுத்திவிட்டால் மறுபடி பத்தொன்பது. அதை நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனால் நினைத்தாள். சின்ன டீச்சருக்கு வீட்டு வாடகை இருக்கிறது.

சாயங்காலம் அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தாள். மருந்துக் கடையில் வேலை, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"அந்தக் கடிதம் எங்களுக்கு வந்ததில்ல, இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா."

"வெள்ளிக்கிழமையே தெரியும். ரெண்டாவது வரிலயே 'தங்கள் மகனுக்கு'ன்னு இருக்கு. எங்களுக்குப் பொண்ணு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அவர் அந்த வரி வரைக்கும் போகவே இல்ல. முதல் வரிலயே அழ ஆரம்பிச்சுட்டார். அப்புறம் எத்தனை தடவை பிரிச்சாலும் அந்த முதல் வரியைத்தான் படிக்கறார்."

மற்ற பத்தொன்பதிலும் 'தங்கள் பிள்ளை' என்றே எழுதி, பெயரை மறைக்க அத்தனை பாடுபட்டவள் இந்த ஒன்றில் மகனை மறைக்க மறந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் காலைலேர்ந்து..."

"நீங்க சொல்ல வேண்டாம். இந்த ஒரு உதவி செய்யுங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். தப்பா வந்ததுன்னு சொல்ல மாட்டேன். நம்மளவிடக் கஷ்டப்படறவங்க இருப்பாங்க, அவங்களுக்கு விட்டுக்குடுத்துடலாம்னு சொல்றேன். சம்மதிப்பார். அப்படிப்பட்ட மனுஷன்தான் அவர்." மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "மூணு மாசமா அவருக்குத் தன்கிட்ட குடுக்க எதுவுமே இல்லன்னு நினைப்பு. ஒண்ணு குடுத்ததா இருக்கட்டுமே டீச்சர்."

"பொண்ணு?" என்று கேட்டாள் பெரிய டீச்சர். கேட்கப் பிடிக்கவில்லை, கேட்காமலும் முடியவில்லை. "அவளை நிறுத்திடுவீங்களா?"

"எதுக்கு? காலைக்கு கவர்மென்ட் குடுக்குதே, அது போதும். பன்னெண்டு மணிக்கு அவர் வந்து கூட்டிட்டுப் போவார். லைப்ரரிக்குப் போற நேரத்துல பொண்ணோட இருக்கட்டும்."

எழுந்துகொள்ள இருவருக்குமே கஷ்டமாக இருந்தது. பெரிய டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பெண் பெரிய டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அதிக நேரமே பிடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கெல்லாம் ரயில் அப்பா வந்துவிட்டார். அன்றைக்குச் சட்டை தேய்க்கப்படவில்லை. மகள் ஓடிப்போய் குடைக்குக் கீழே பையை மாட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், நேத்து ராத்திரி நாங்க ரெண்டு பேரும் யோசிச்சோம். அந்த இலவச இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்களுக்கு ஏதோ ஒரு சம்பளமாவது வருது. அதுகூட இல்லாதவங்க இருப்பாங்க இல்லையா?" கடிதத்தை நீட்டினார். "நீங்க செஞ்சதை நான் மறக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு சார்" என்றாள் பெரிய டீச்சர். நாலு நாளில் பதினெட்டு பேரிடம் பேசித் தேய்ந்துபோயிருந்த குரல் அப்போது அவளுக்குச் சொந்தக் குரலாக வந்தது. "உங்களுக்குப் பெரிய மனசு."

அது பொய்யில்லை. எவ்வளவு யோசித்தாலும் அது பொய்யில்லை.

"யாருக்குக் குடுக்கப்போறீங்க?"

"அதை வெளில சொல்றதில்ல சார்."

"அதுவும் சரிதான். நல்ல வழக்கம்" என்றார் அவர்.

அந்த நேரத்தில் லாண்டரிப் பெண் மகனை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர் சட்டென்று சுவரோரமாக ஒதுங்கினார்.

"நீங்க முதல்ல போங்கம்மா. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவள் மகனை ரயில் படத்துக்குக் கீழே விட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்பினாள். தாண்டும்போது ஒரு வினாடி நின்று, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். வழி விட்டதற்காகச் சொன்னாள்.

"இதுல என்னம்மா இருக்கு" என்றார் அவர்.

பெரிய டீச்சர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ண வேண்டிய அவசியம் இல்லாதபோதும், கொக்கிகளின் பக்கம் திரும்பிப் பைகளை எண்ண ஆரம்பித்தாள்.